பெயர் தாங்கும் கற்கள்

நுழையும்முன்

இறந்தோரை எண்ணி வருந்துதல் குடும்பத்தின் துயரம். ஓர் இனத்தையே திட்டமிட்டு அழித்த கொடுமையை மறவாதிருத்தல் நாட்டின் கடமை. யூத இனப்படுகொலையில் மாண்டோரை நெதர்லாந்து நாடு நினைவுகூரும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைகள்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் புதுப்பட்டினத்தை அடுத்து அமைந்துள்ளது சதுரங்கப்பட்டினம். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்திலிருந்து துணி வணிகத்தின்பொருட்டு வந்த டச்சுக்காரர்கள் இங்கு நிலைகொண்டனர், கோட்டையும் எழுப்பினர். அக்கோட்டைக்குள் அவர்தம் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. தாய்நாட்டைக் காணாமலே மறைந்தவர்களின் பெயர்கள் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. காண்போர் அம்மொழியை அறியாராயினும், அங்கு உறங்குபவர் பெயருடைய ஒரு மனிதர் என்பதை உணர்வர்.

தமிழர்க்கும் இவ்வுணர்வு பழமையானது. வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் நடுகல் மரபைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. நடுகல்லில் வீரனின் பெயரை எழுதும் வழக்கத்தை அகநானூறு காட்டுகிறது.

அங்ஙனமாயின், கல்லறையே இல்லாமல் மாண்டோரின் பெயர்கள் எங்கே எழுதப்படும்? 20ஆம் நூற்றாண்டில் இவ்வினா நெதர்லாந்தின் முன் எழுந்தது.

பட்டியலான பெயர்கள்

இட்லரின் நாஜி ஆட்சி, ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களுள் சுமார் 60 இலட்சம் பேரைக் கொன்றது. 1940 மே மாதத்தில் நெதர்லாந்து செர்மானியப் படையிடம் வீழ்ந்தது. 1941 சனவரியில் யூதர்கள் அனைவரும் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அந்நாட்டின் மக்கள்தொகைப் பதிவேடுகள் பிழையின்றிப் பேணப்பட்டவை. குடிமக்களின் நன்மைக்காக எழுதப்பட்ட அவ்வேடுகளே யூதர்களை வீடுவீடாகத் தேடிப் பிடிக்கும் கருவிகளாயின. அலுவலர் பலர் ஆணைக்குப் பணிந்தனர். 1942 சூலை முதல் தொடர்வண்டிகள் யூதர்களை ஆசுவிட்சு, சோபிபோர் முதலிய வதைமுகாம்களுக்குக் கொண்டு சென்றன. நெதர்லாந்தில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களுள் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நாட்குறிப்பால் உலகறிந்த சிறுமி ஆன் பிராங்கும் அவர்களுள் ஒருத்தி.

எதிர்த்து நின்றோர்

எல்லோரும் பணிந்துவிடவில்லை. யூதர்கள் வேட்டையாடப்படுவதைக் கண்டித்து 1941 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் நினைவாக நிறுவப்பட்ட துறைமுகத் தொழிலாளியின் சிலைமுன் ஆண்டுதோறும் மக்கள் கூடுகின்றனர். 1943 மார்ச்சு 27 அன்று எதிர்ப்புக் குழுவினர் சிலர் காவலர் வேடத்தில் அந்நகரப் பதிவகத்துள் நுழைந்து அதனைத் தீக்கிரையாக்கினர். ஏடுகளில் ஒரு பகுதியே அழிந்தது. அச்செயலுக்காகப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெயர்களை அழிப்பதே உயிர்களைக் காக்கும் வழியாக இருந்த காலம் அது.

செங்கற்சுவர்

2021 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பெயர்களின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் அதனை வடிவமைத்தார். அதன் சுவர்களில் 1,02,000க்கும் மேற்பட்ட செங்கற்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒருவரின் பெயரையும் பிறந்த நாளையும் இறந்தபோது இருந்த அகவையையும் தாங்குகிறது. யூதர்களோடு, அவ்வாறே கொல்லப்பட்ட ரோமா, சிந்தி எனும் நாடோடி இனத்தவரின் பெயர்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. பெயர் அறியப்படாதோர்க்காக 1,000 செங்கற்கள் எழுத்தின்றி விடப்பட்டுள்ளன. பதிவேடு தாங்கிய அதே பெயரையும் பிறந்த நாளையும் இன்று செங்கல் தாங்குகிறது. அன்று அவை கொல்வதற்குப் பயன்பட்டன. இன்று மறவாதிருக்கப் பயன்படுகின்றன.

இச்சுவர் எழ எழுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. ஒரு நாடு தன் இழப்பைச் சொல்வது எளிது; தன் தவற்றைச் சொல்வது அரிது. அன்றைய அரசு தன் மக்களைக் காக்கத் தவறியதற்காக, 2020 சனவரியில்தான் அந்நாட்டின் பிரதமர் முதன்முறையாக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நினைவின் பொருள்

ஆசுவிட்சு முகாம் மீட்கப்பட்ட நாளான சனவரி 27ஐ உலக நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2005இல் அறிவித்தது. மாண்டோர் திரும்புவதில்லை. எனினும், முகாமில் வெறும் எண்ணாகக் குறிக்கப்பட்ட மனிதர், தம் பெயர் வாசிக்கப்படும்போது மீண்டும் ஒருவரின் மகளாகவும் தந்தையாகவும் ஆகிறார். வாசிப்பவரோ, அந்நாளில் பதிவேட்டின் முன் அமர்ந்திருந்தால் தாம் என்ன செய்திருப்போம் எனத் தம்மையே வினவிக்கொள்கிறார். சதுரங்கப்பட்டினத்துக் கல்லறை இறந்தவரை மட்டுமே நினைவூட்டுகிறது. ஆம்ஸ்டர்டாமின் சுவர் வாழ்பவரின் பொறுப்பையும் நினைவூட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

இனப்படுகொலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரபேல் லெம்கின் எனும் யூத சட்ட அறிஞர். அக்குற்றத்தைத் தடுப்பதற்கும் தண்டிப்பதற்குமான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றது. இந்தியா 1959இல் அதனை உறுதிசெய்தது.

சிந்தனை வினா

நடுகல்லும் ஆம்ஸ்டர்டாமின் பெயர்ச்சுவரும் எவ்வகையில் ஒத்தும் வேறுபட்டும் அமைகின்றன? விளக்குக.