பிராகாவில் இரண்டு நாள்கள்

நுழையும்முன்

ஐரோப்பாவில் பயிலும் மாணவர்களுக்கு வார இறுதியில் அண்டை நாடு ஒன்றைக் கண்டு வருவது எளிது. காலையில் தொடர்வண்டி ஏறினால், நண்பகலுக்குள் வேறொரு நாட்டின் தெருவில் நடக்கலாம். தில்லியில் வளர்ந்து, இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி, எட்டாம் வகுப்பில் படிக்கும் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் இங்குப் பாடமாக அமைந்துள்ளது. வாய்விட்டுப் படியுங்கள்.

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கு அனைவரும் நலந்தானே? சென்ற சனிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் நால்வர் செக் குடியரசின் தலைநகருக்குப் புறப்பட்டோம். நான், கோட்டயத்துத் தோழி, கொல்கத்தா நண்பர், எங்கள் வகுப்பிலேயே பயிலும் ஜெர்மானிய நண்பர் ஆகியோரே அந்நால்வர். அந்நகரை ஆங்கிலத்தில் பிராக் என்பர். அந்நாட்டு மக்கள் பிராகா என்பர். தமிழில் எழுதும்போது இடையில் வரும் ககரம் மென்மையாக ஒலிப்பதால், அவர்களுடைய ஒலிப்புக்கு நம் எழுத்து நன்றாகவே பொருந்துகிறது.

பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். வழிநெடுக எல்பே ஆறு உடன் வந்தது. இருபுறமும் மணற்பாறைக் குன்றுகள் கோட்டைச் சுவர்போல் நின்றன. எல்லையைக் கடந்ததும் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர். போகும்போது எவரும் எங்களை நிறுத்தவில்லை. திரும்பும்போதோ ஜெர்மானியக் காவலர்கள் வண்டியில் ஏறி ஒவ்வொருவருடைய ஆவணத்தையும் பார்த்தனர். ஆகவே, நாளை நீ இங்கு வந்தாலும் கடவுச்சீட்டையும் குடியிருப்பு அட்டையையும் கைப்பையில் வைத்துக்கொள்ள மறவாதே. இன்னொன்று: செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இல் சேர்ந்தது, ஆயினும் அங்குச் செலாவணி யூரோ அன்று, கொருனா.

நிலையத்தில் இறங்கியதும் ரொட்டிக்கடை ஒன்றிற்குச் சென்றோம். கடைக்காரப் பெண்மணி விலையைச் செக் மொழியில் கூறினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெர்மானிய நண்பர் மட்டும் சட்டென்று சரியான காசுகளை எண்ணிக் கொடுத்தார். செக் மொழி தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்று தலையசைத்தாரே தவிர, மேலே எதுவும் சொல்லவில்லை.

வல்தவா ஆற்றின்மேல் அமைந்த சார்லஸ் பாலத்தைப் படங்களில் நீ கண்டிருப்பாய். 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், இருமருங்கும் முப்பது சிலைகள். அரசர் நான்காம் சார்லஸ் இதற்கு அடிக்கல் நாட்டிய நேரத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 1357ஆம் ஆண்டு, ஒன்பதாம் நாள், ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். இவ்வெண்களை வரிசையாக எழுதிப் பார்: 135797531. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே! சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம் என்பர். நாள் பார்த்து அடிக்கல் நாட்டுவது நம் ஊருக்கு மட்டும் உரியதென்று இதுவரை எண்ணியிருந்தேன்.

பழைய நகர மண்டபத்தின் வானியல் மணிக்கூண்டு 1410ஆம் ஆண்டில் உருவானது. மணிதோறும் ஓர் எலும்புக்கூட்டுப் பொம்மை மணியை இழுத்தடிக்க, மேலே இரு பலகணிகள் திறந்து, இயேசுவின் திருத்தூதர் உருவங்கள் ஒவ்வொன்றாய் வந்து செல்கின்றன. அதைக் காணத் திரண்ட கூட்டம் முழுவதும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்ததால், நான் கண்டவை பெரும்பாலும் கைகளே. பொம்மைகளைவிட எனக்குப் பிடித்தது அதன் முகப்பு வட்டம். அதன் வெளிவளையம் பழைய செக் நேரத்தைக் காட்டுகிறது. அந்நாளில் அவர்கள் கதிரவன் மறைவிலிருந்து நாளின் இருபத்து நான்கு மணியை எண்ணினர். நம் முன்னோர் கதிரவன் தோற்றத்திலிருந்து அறுபது நாழிகையை எண்ணினர்.

மாலையில் ஆற்றங்கரையிலுள்ள தேசிய நாடக அரங்கிற்குச் சென்றோம். பிராகாவில் வேறெதைக் காணாவிடினும் இதைக் காண வேண்டும் என்பேன். அதற்குக் காரணம் கட்டடத்தின் அழகன்று.

1620ஆம் ஆண்டில் நடந்த போர் ஒன்றில் செக் பிரபுக்கள் தோற்றனர். அதன்பின் ஆட்சி, உயர்கல்வி, நகர வணிகம் ஆகியவற்றில் ஜெர்மன் மொழி மெல்லமெல்ல மேலோங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செக் மொழி பெரும்பாலும் உழவர், பணியாளர் ஆகியோரின் பேச்சாகவே எஞ்சியிருந்தது. படித்தவர்கள் தம் பிள்ளைகளிடம் ஜெர்மன் மொழியில் பேசினர். அந்நிலையில் அறிஞர் சிலர் முனைந்தனர். யோசப் யுங்மன் என்பார் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்-ஜெர்மன் அகராதியை வெளியிட்டார். வழக்கொழிந்த சொற்களை மீட்டார். இல்லாதவற்றை உறவு மொழிகளிலிருந்து எடுத்தார். சிலவற்றைப் புதிதாகவே படைத்தார்.

பின்னர், தம் மொழியில் நாடகம் நடத்தத் தமக்கென ஓர் அரங்கு வேண்டும் என்று மக்கள் விரும்பினர். ஊர் ஊராகப் பணம் திரட்டினர். 1868இல் அடிக்கல் நாட்டி, 1881ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் நிகழ்ச்சியை நடத்தினர். இரண்டே மாதங்களில், ஆகஸ்டு 12ஆம் நாள், அரங்கு தீப்பற்றி எரிந்தது! நாமாயின் என் செய்திருப்போம்? அவர்கள் மீண்டும் உண்டியலை எடுத்தனர். 47 நாள்களில் பத்து இலட்சம் கில்டர் சேர்ந்தது. 1883ஆம் ஆண்டு நவம்பரில் அரங்கு மறுபடியும் திறக்கப்பட்டது. மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் இரண்டே சொற்கள் உள்ளன. அவற்றின் பொருள், ‘மக்கள் தமக்கே’ என்பதாகும்.

நாங்கள் மிக உயரத்தில், மலிவான இருக்கைகளில் அமர்ந்திருந்தோம். இடைவேளையில் ஜெர்மானிய நண்பர் தாமாகவே பேசினார். டிரெஸ்டனுக்குக் கிழக்கே, பவுட்சன் நகர்ப்பக்கம் சோர்பியர் என்னும் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். அவர்களுடைய மொழி செக் மொழிக்கு உறவுடையது. நண்பரின் பாட்டியார் சோர்பியர். நண்பருடைய தந்தைக்கு அம்மொழி கேட்டால் புரியும். நண்பருக்கோ எண்கள் மட்டுமே தெரியும். பாட்டியார் படிக்கட்டு ஏறும்போது எண்ணக் கற்றுக்கொடுத்தவையாம். “இன்று காலை கடையில் என் பாட்டியின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது,” என்றார். அதற்கு மறுமொழி கூற எங்களில் எவருக்கும் இயலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சார்லஸ் பல்கலைக்கழகத்தின் ஆற்றங்கரைக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 1348இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. கமில் சுவெலபில் என்னும் தமிழறிஞர் 1927ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்து, இங்கேயே பயின்றவர். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்தார். 1968இல் சோவியத்துப் படைகள் நாட்டிற்குள் நுழைந்தபின் அவர் தாயகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பணியாற்றினார். ‘முருகனின் புன்னகை’ எனப் பொருள்படும் தலைப்பில் 1973இல் அவர் எழுதிய ஆங்கில நூல், தமிழ் இலக்கியத்தை உலகிற்கு எடுத்துக்காட்டியது. இதை நான் சொன்னபோது கொல்கத்தா நண்பர், “தமிழரல்லாத ஒருவர் இவ்வளவு பாடுபட்டுக் கற்க அதில் என்ன இருந்தது?” என்று கேட்டார். கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாலத்தின் ஒரு முனையில் தொடங்கிய கதை மறுமுனையில்தான் முடிந்தது. கோட்டயத்துத் தோழி, கண்ணகி பின்னர் வந்த சேரநாடு தங்கள் நாடே என்று உரிமை கொண்டாடினாள்.

அடுத்த ஆண்டு தமிழ் விருப்பப் பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு என்பதால் களைப்பாக இருக்கும், நானும் அறிவேன். முடிவு உன்னுடையது. படிவத்தைக் கொடுக்கும் முன் ஒருமுறை என்னோடு பேசு, போதும்.

இத்துடன் அந்த நாடக அரங்கின் அஞ்சலட்டை ஒன்றை வைத்துள்ளேன். அதன் பின்புறம் பாட்டிக்கு நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன். பாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டதல்லவா? நீயே படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் அக்கா

சொல்லும் பொருளும்

செலாவணி – ஒரு நாட்டில் வழங்கும் பணம்
பலகணி – சன்னல்
வழக்கொழிந்த – மக்களிடையே பயன்பாடு நின்றுபோன
மருங்கு – பக்கம்
மறுமொழி – விடை

மொழியை ஆள்வோம்

பிராகாவிற்கு, பிராகாவில், பிராகாவிலிருந்து, பிராகாவின் என ஓர் ஊர்ப்பெயர் வேற்றுமை உருபு ஏற்று வருவதைக் காண்க. நீங்கள் வாழும் ஊரின் பெயரையும் உங்கள் பெற்றோரின் சொந்த ஊர்ப் பெயரையும் இவ்வாறே எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

பயிற்சி

1. எல்லையைக் கடந்தபின் எல்பே ஆற்றின் பெயர் என்னவாகிறது?
2. பழைய செக் நேரக் கணக்கும் நாழிகைக் கணக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. தேசிய நாடக அரங்கு தீக்கிரையானபின் மக்கள் செய்தது யாது?
4. ரொட்டிக்கடையில் ஜெர்மானிய நண்பருக்கு விலை விளங்கியது எவ்வாறு?
5. அக்காவின் கடிதத்திற்குத் தங்கை எழுதும் மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதுக.
6. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் கேட்டு, நீங்கள் இதுவரை அறியாத ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதி வருக.