ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்கப்போகிறவளுக்கு

மரக்காணம்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்தது. இரும்பையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வீடுவீடாகப் போய், "நம்ம ஊருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதப்போகிறீர்கள் என்கிறாய். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லட்டுமா? ரோடு, தெருவிளக்கு, தண்ணீர், பஸ். நாலு பக்கம் நிறைந்ததும் யாரோ ஒரு பெரிய மனிதர் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். இதற்கு ஊரைச் சுற்றவே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தே எழுதிவிடலாம்.

ஊருக்கு உதவுகிற யோசனை ஒரே ஆளிடம் முழுசாக இருப்பது அபூர்வம். துண்டு துண்டாகக் கிடக்கும். அதுவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத ஆட்களிடம். அவர்களை ஒரே இடத்தில் உட்காரவைப்பதுதான் உன் வேலை. எழுதுவது அப்புறம்.

எங்கள் பக்கத்து உப்பளத் தெரு ஒன்றை நினைத்துப் பார். பெண்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பாத்தி முழுக்கக் கண்ணாடி மாதிரி கூசும், அதற்குள் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் ஏழரை மணிக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொள். கூட்டம் போட்டால் ஆண்கள் என்ன கேட்பார்கள்? புதுசாக ஒரு மேல்நிலைத் தொட்டி. எஸ்டிமேட், டெண்டர், இரண்டு வருஷம். ஆனால் அதே கூட்டத்தில் டேங்க் ஆபரேட்டரும் அந்தப் பெண்களில் ஒருத்தியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அவள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. மோட்டாரை ராத்திரியே ஓட்டி, விடியற்காலை நாலரைக்கு வால்வைத் திறக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் காலணா செலவில்லாமல் வேலை முடிந்தது. புதுத் தொட்டி கட்டியிருந்தாலும் தண்ணீர் ஏழரைக்குத்தான் வந்திருக்கும்.

ஏரி விஷயம் இதைவிடச் சிக்கல். நம் வானூர், மரக்காணம் வட்டார ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. இப்படிக் கைமாறி வருகிற தண்ணீரில் பெரும்பங்கு கழுவெளி ஈரநிலத்தில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலைத் தொடுகிறது. 2021 டிசம்பரில் கழுவெளியில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இந்த ஒரே தண்ணீரை மேலிருந்து கீழே எத்தனை பேர் எத்தனை விதமாகப் பார்க்கிறார்கள் தெரியுமா? மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு ஏரியில் தண்ணீர் நின்றால் போதும். கடைமடைக்காரர் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்வார். ஏரிக்குள் மாடு மேய்ப்பவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்ற வேண்டும். கழுவெளியில் வலை போடுகிறவருக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். உப்பளக்காரருக்கோ வெள்ளம் பாத்திக்குள் ஏறாமல் இருந்தால் சரி, காலம் தப்பிய ஒரு மழை போதும், வாராத உப்பு கரைந்து போய்விடும். யாரும் கெட்டவர் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிப் புனரமைப்புத் திட்டம் ஒன்று நடந்தது. ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பட்டாதாரர்களோடு நிறுத்தாமல் நிலமில்லாதவர்களையும் பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்தது. ஏரியில் மீன் பிடிக்கிறவருக்கும் துணி துவைக்கிறவருக்கும் தெரிந்தது பட்டாதாரருக்குத் தெரியாது. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரர் மட்டும் கூடிப் பேசினால் ஏரியில் பாதி பேச்சிலேயே வராது.

சரி, எங்கே உட்காரவைப்பது? தனியாக ஒரு மன்றம், ஒரு பேனர், ஒரு தலைவர், ஒரு பொருளாளர் என்று ஆரம்பித்துவிடாதே. ஆறு மாதத்தில் தலைவருக்கும் பொருளாளருக்கும் சண்டை வரும். சட்டமே உனக்கு ஒரு சபையைக் கொடுத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் கூடிக்கொண்டிருந்தது. இப்போது மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு. மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது, குக்கிராமங்களுக்குள் சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டும் என்று அரசின் அறிவுரை இருக்கிறது. ஊரா காலனியா என்று பார்க்கிற இடங்களில் இந்தச் சுழற்சிதான் முக்கியம். இதுவரை காலனியில் நடந்ததே இல்லை என்றால், முதல் யோசனையாக அதையே எழுது.

கூட்டம் எப்படி நடக்கும் என்று நீயே பார்த்திருப்பாய். பிளாஸ்டிக் நாற்காலியில் முதல் வரிசை அதிகாரிகள். தார்ப்பாயில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ரயில் வேகத்தில் படிப்பார். நடுவே வருகைப் பதிவேடு கைமாறிப் போகும். கையெழுத்துப் போட்டவுடன் பாதிப் பேர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். குறைவெண் என்று ஒரு கணக்கு உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். கையெழுத்து அந்த எண்ணுக்கு வந்துவிட்டால் கூட்டம் செல்லும். பேசினவர் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. நீங்கள் ஏழெட்டுப் பேரும் முதல் தடவை செய்ய வேண்டியது, கடைசித் தீர்மானம் எழுதுகிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது. சிரிக்காதே, நிஜமாகவே சொல்கிறேன்.

சிரிப்பு என்றதும் உங்கள் ஊர்க் கடுவெளிச் சித்தர் ஞாபகத்துக்கு வருகிறார். மாகாளேசுவரர் கோயில் கதை உனக்குப் பாட்டி சொல்லியிருப்பாள். அரச மரத்தடியில் தவம் இருந்தவரின் கையில் தேவதாசி அப்பளம் வைத்து எழுப்பினாள். பிறகு கோயிலில் அவள் ஆடும்போது சலங்கை கழன்று விழ, ஆட்டம் நிற்கக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் கட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது. துண்டு விழுந்த இடம் புல் முளைக்காத பொட்டலானது என்பார்கள். (அந்தச் செம்மண் மேட்டில் 1968இல் ஆரோவில் வந்தபின், வந்தவர்களும் சுற்றூர் ஆட்களும் வரப்பு போட்டு மழைநீரைத் தடுத்து மரம் வைத்துக் காடாக்கினது தனிக்கதை.) கதையை எல்லோரும் சித்தரின் கோபமாகவே சொல்கிறார்கள். எனக்கு அது கூட்டத்தின் சிரிப்பைப் பற்றிய கதையாகத்தான் படுகிறது. ஊர்க்கூட்டத்தில் ஒரு பொம்பளை முதல் தடவை எழுந்து, நாக்குக் குழறி, வால்வு என்பதை வேறு என்னமோ சொல்லி வைக்க, பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தால், அவள் மறுபடி எழுந்திருக்க மாட்டாள். அவளைப் பார்த்த பத்துப் பேரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அதனால் பேச்சுக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கிற இடம் மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் அரசு 1989இல் தருமபுரியில் ஆரம்பித்தது. உங்கள் பக்கம் ஆரோவிலின் கிராமப் பணிக் குழு 1983 முதலே ஊர்களுக்குள் வேலை செய்கிறது. சேமிப்பு, கடன் என்பதை விடு. வட்டமாக உட்காருவது, ஒருத்தி பேசும்போது மற்றவள் காத்திருப்பது, பேசினதை அன்றைக்கே நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்குவது, இதையெல்லாம் அவர்கள் பல வருஷமாகச் செய்துவருகிறார்கள். உன் நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் அவர்களிடம் போ. கிராம சபையில் கேட்கப்போவதை அங்கே ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொல்.

பழம்பெருமைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை யாராவது இழுப்பார்கள். பராந்தகச் சோழன் காலம், 919, 921. முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்தில் நிற்க முடியாது என்ற விதியை நானும் மெச்சுகிறேன். ஆனால் அது பிராமணர் சபை. சொந்த நிலம், வீடு, வேதப் படிப்பு, முப்பத்தைந்து வயது எல்லாம் தகுதி. நீயும் நானும் வெளியேதான் நின்றிருப்போம். அதனால் கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்.

அதைவிடக் குத்தம்பாக்கம் நமக்கு நெருக்கம். திருவள்ளூர் மாவட்டம். கெமிக்கல் இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வந்த இளங்கோ ரங்கசாமி 1996இல் ஊராட்சித் தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய்க்கு, பக்கத்துக் கல் பாலிஷ் ஆலைகள் கழித்துப் போட்ட துண்டுக் கற்களைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் எஸ்டிமேட்டில் எழுதியது வேறு என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பக் கிடைத்தது. நல்ல யோசனை என்பதற்காக மட்டும் ஒருவர் தப்பிப்பதில்லை பாப்பா. அது ஊர் அறிய நடந்திருக்க வேண்டும். தலையில் உதித்ததை நேராகத் தலைவர் காதில் போட்டுக் காரியம் சாதிக்க நினைக்காதே என்று நான் சொல்வது இதனால்தான். இன்றைக்குக் குறுக்கு வழி மாதிரித் தெரியும். நாளைக்குத் தணிக்கை வந்தால் பக்கத்தில் நிற்க ஆளிருக்காது.

இனி கைக்கு ஆகிற காரியம். வரத்து வாய்க்காலில் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். முதலில் ஏரி யாருடையது என்று கேள். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் தீர்மானம் போட்டால் காகிதம் தவறான மேஜைக்குப் போய்த் தூங்கும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் 'அ' பதிவேடும் பார்த்து, வாய்க்கால் போகிற புல எண்களை எழுதிக்கொள். மேல் ஏரியின் கலங்கலிலிருந்து உங்கள் ஏரி வரை நடந்துபோங்கள். மதகுப் பக்கத்து விவசாயி ஒருவர், கடைமடையில் ஒருவர், மாடு மேய்ப்பவர் ஒருவர், காலனியிலிருந்து இரண்டு பேர் கூட வரட்டும். எந்த இடத்தில் மண் மூடியிருக்கிறது, எங்கே வாய்க்காலை வயலோடு சேர்த்து உழுதிருக்கிறார்கள் என்று குறிக்கும்போது, உழுதவர் பெயரை எழுதாதே, புல எண்ணை மட்டும் எழுது. முடிந்தால் அவரையே நடைக்குக் கூப்பிடு. கூட்டத்தில் கேட்டுக் கொதிப்பதைவிட வாய்க்கால் கரையில் நின்று முணுமுணுக்கட்டும்.

கிராம சபை அறிவிப்பு ஏழு நாள் முன்னதாக வர வேண்டும். தண்டோரா போடுவதை 2022இல் அரசே வேண்டாம் என்றுவிட்டது, இப்போது ஆட்டோ மைக்கும் வாட்ஸ்அப்பும்தான். அறிவிப்பு வருமுன்பே பொருளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கு. தீர்மானத்தை நோட்டில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று வாசிக்கக் கேள். "ஏரி சம்பந்தமாக ஆவன செய்ய" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதே. எந்தப் புல எண், எத்தனை மீட்டர், எந்தத் துறை, எந்த மாதத்துக்குள் என்று இருக்க வேண்டும். பிரதி கேள். தர மறுத்தால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நடந்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் வாய்க்காலில் கால் வைக்க முடியாது. நீங்கள் நடக்கிற நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். எங்கள் பக்கத்து உப்பளக்காரர் ஒருவரையும் அழைத்துவரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா