ஆபத்து வந்தால் வெளியே வரும் வழி தெரியுமா?



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் கூட்டத்தில் பேசுகிறோம். திடீரென்று தீப்பிடித்தால் என்ன செய்வோம் என்று என்றைக்காவது பேசியிருக்கிறோமா? இந்த மாதப் பாடம் அதுதான். பிள்ளைகள் பகலெல்லாம் பள்ளியிலோ கல்லூரியிலோ இருக்கிறார்கள். மீதி நேரம் வீட்டில். இரண்டு இடத்துக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும்.

கும்பகோணம் சொல்லும் பாடம்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், மதிய உணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. எரிந்த கூரை மாடி வகுப்பில் இருந்த பிள்ளைகள் மேல் விழுந்தது. இறங்கி வர இருந்த படிக்கட்டோ ஒடுக்கமானது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

யோசித்துப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கீற்று, ஒடுக்கமான வழி. இவை அன்றைக்குத் திடீரென்று வந்த குறைகள் இல்லை. தினமும் அங்கேயே இருந்தவை.

இந்தத் துயரத்துக்குப் பிறகு தொடரப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை. பள்ளியில் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு அதற்கான பயிற்சி வேண்டும் என்று சொன்னது. அதனால் நாம் போய்க் கேட்பது சண்டை இல்லை, உரிமை.

பள்ளியிலும் கல்லூரியிலும் கேளுங்கள்

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இதையும் கேளுங்கள்:

1. மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி இருக்கிறதா? வகுப்பு நேரத்தில் கேட் பூட்டியிருந்தால் சாவி யாரிடம்?
2. தீயணைப்புக் கருவி எங்கே? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? இயக்கத் தெரிந்தவர் யார்?
3. மணி அடித்தால் பிள்ளைகள் எங்கே வந்து நிற்க வேண்டும்? ஒத்திகை நடத்தியிருக்கிறார்களா?
4. விடுதியில் இரவு யார் பொறுப்பு? அவர் போன் நம்பர் என்ன?

மகள் கல்லூரியிலோ விடுதியிலோ இருந்தால் அவளிடமும் கேளுங்கள்: "உன் வகுப்புலேருந்து வெளியே வர ரெண்டாவது வழி எதும்மா?" பதில் தெரியவில்லை என்றால் மறுநாளே பார்த்துவரச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடி, குனிந்து தவழ்ந்து வரவேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். நம் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். செல்போன் அணைந்துபோனால் அந்தச் சீட்டுதான் உதவும்.

நம்ம வீட்டில்

பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகள் நீளமானவை. முன்னே தறி, பின்னே அடுப்பு. நடக்கிற வழியிலேயே நூலும் சாமானும் இருக்கும். இருட்டிலும் புகையிலும் தறிக்குழியில் கால் போய்விடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சோடு அடுப்படியிலிருந்து வாசல் வரை குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எது தடுக்கிறதோ அதை நகர்த்துங்கள். பாட்டியை யார் பிடித்துக் கூட்டிவருவது, கைக்குழந்தையை யார் தூக்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

- காஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து போன் செய்யுங்கள்.
- எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள்.
- புடவையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்துப் புரள வேண்டும்.
- தீப்புண்ணில் மாவு, இங்க், பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"பாவு முதலாளியோடதுங்க. அதை விட்டுட்டு எப்படி ஓடறது?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பாவு போனால் பெரிய கடன். ஆனால் கடனுக்குத் தவணை பேசலாம், சங்கத்தில் கைகொடுக்கலாம். போன உயிரை எந்தத் தவணையிலும் மீட்க முடியாது. வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. தீயில் பாவு போனால் நஷ்டம் யாருடையது என்று முதலாளியிடமோ கூட்டுறவு சங்கத்திலோ இப்போதே பேசி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ் புக், பிள்ளைகளின் சர்டிபிகேட் இவற்றின் நகலை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

சுவரில் எழுதி வையுங்கள்

தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, காஸ் கசிவு 1906.

அடுத்த கூட்டத்தில்

1. வீட்டில் நடந்து பார்த்தபோது என்ன தடுத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.
2. தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி வீடுகளைப் பட்டியல் எடுத்து, யார் போய்ப் பார்ப்பது என்று பெயர் எழுத வேண்டும்.
3. பள்ளிக்குப் போய்க் கேட்க இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, தீர்மான நோட்டில் பதிவு செய்ய வேண்டும்.
4. செயல்முறை விளக்கம் காட்ட வரும்படி தீயணைப்பு நிலையத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்க வேண்டும்.

பள்ளியில் என்ன பதில் சொன்னார்கள் என்பதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர்கள் மறக்காமல் தெரிவிக்கவும்.