வினையூக்கியின் சீரான பரவல்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எனவே, காய்ச்சி வடித்தபின் எஞ்சும் கன எண்ணெயையும் பெட்ரோலாகவும் சமையல் எரிவாயுவாகவும் மாற்றுவது இன்றியமையாதது. சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நுண்துகள் வினையூக்கியின் துணையால் அதனைப் பிளக்கும் முறை 1942-இல் அமெரிக்காவில் வணிக அளவில் தொடங்கியது. கர்நாடகத்தில், மங்களூர் சுத்திகரிப்பு ஆலையில் இத்தகைய பிரிவு உள்ளது.

சில விநாடிகளிலேயே துகள்மீது கரி படிந்து அதன் திறன் குன்றுகிறது. புத்துயிர்க் கலத்தில் காற்றைச் செலுத்தி அக்கரி எரிக்கப்படுகிறது. துகள்கள் ஒருபுறமே குவிந்தால், அங்குக் காற்று போதாமல் கரி எஞ்சும். அப்புறத்துக் கார்பன் மோனாக்சைடும் மறுபுறத்தில் மிஞ்சிய பிராணவாயுவும் மேலே சந்தித்து எரியும். அவ்வெப்பம், துகளைப் பிரிக்கும் சூறாவளிக் கலங்களைப் பழுதாக்கும். ஆலையையே நிறுத்த நேரிடும். கலத்தின் பல பகுதிகளில் காணும் வெப்பநிலை வேறுபாடே இதன் முன்னறிகுறி. கலம் முழுவதும் துகளைப் பகிர்ந்தளிக்கும் கிளைக்குழாய்கள் இக்குறையைப் போக்கும்.

பெங்களூரை அடுத்த தேவனகொந்தியில் இந்துஸ்தான் பெட்ரோலிய நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் சுத்திகரிப்பு முறைகளை ஆராய்ந்து வருகிறது. புதிய ஆலை நிறுவாமலே, உள்ள கலத்தைச் செம்மைப்படுத்தி விளைவைப் பெருக்குவதும் அந்நியச் செலாவணிச் சேமிப்பேயாகும்.