மிதக்கும் ஈயும் மலையாற்று மீனும்

சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தையில் கடல்மீனும் ஏரிமீனும் குவிந்திருக்கக் காண்கிறோம். அவற்றைப் பிடிக்க வலை உண்டு. புழு கோத்த தூண்டிலும் உண்டு. ஆனால், ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க, இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய் ஈயை நீரின்மேல் மிதக்க விடுகின்றனர். ஆங்கிலேயர் இதை ‘டிரை ஃப்ளை’ என்பர். நாம் மிதக்கும் ஈ எனலாம். பார்வைக்கு இது விளையாட்டு. உள்ளே புகுந்தால் இயற்கை நூற்பாடம்.

மீனின் இயல்பு

ட்ரவுட்டுக்குத் தெளிந்து குளிர்ந்த ஓடுநீர் வேண்டும். நீர் குளிரக் குளிர அதில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். சுமார் 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரை உள்ள நீர் இதற்கு உகந்தது. நம் அல்சூர் ஏரியில் இது வாழாது. மைசூரைக் கடந்து நீலகிரிக்கு ஏறினால் வாழும். ஆயினும், அங்கும் அது எளிதில் வந்துவிடவில்லை. மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1863-ல் முயன்றார், பயன் கிட்டவில்லை. பின்னர் எச். சி. வில்சன் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. வானவில் ட்ரவுட் அம்மலை ஓடைகளில் நிலைபெற்றது.

பூச்சியின் காலம்

‘மே ஃப்ளை’ இனப் பூச்சிகள் இளமையில் மாதக்கணக்கில் ஆற்றடிக் கற்களில் வாழும். பின் மேலே மிதந்து வந்து, தோலுரித்து, சிறகு உலரும்வரை நீர்மேல் அமரும். சிறகு பெற்றபின் அவற்றின் வாழ்வு ஓரிரு நாளே. ட்ரவுட் அவற்றைக் கவ்வ மேலெழும்போது நீரில் வட்டம் விரியும்.

இங்கிலாந்தில் இளவேனில் தொடங்கும் மார்ச்சுத் திங்கள் நமக்குப் பின்பனிக் காலம். அப்போது காலையும் மாலையும் நீர் கடுங்குளிராக இருக்கும். ஆதலின் பூச்சிகள் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வெளிவரும். விடியலில் ஓடி வந்து ஏமாறுவதைவிட, உச்சிப்பொழுதில் பொறுமையுடன் நீரை நோக்குவதே அறிவுடைமை. எந்த அளவில், எந்த நிறத்தில் பூச்சி மிதக்கிறதோ அதைப் போன்ற ஈயையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மிதக்கச் செய்வது சேவலின் கழுத்து இறகு.

எறியும் முறை

மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து, அதன் பின்னே சென்று, மேல்நோக்கி எறிய வேண்டும். நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்குமேல் ஒரு வட்டச் சாளரமாகவே தெரியும். குனிந்து நிற்பவன் அதன் விளிம்பில் ஒடுங்கிவிடுவான். ஈ, வட்டம் எழுந்த இடத்துக்குச் சற்று மேலே விழட்டும். கயிறு விறைப்பாக இருந்தால் ஓட்டம் அதை இழுக்கும். ஈயும் நீரைக் கீறிக்கொண்டு ஓடும். மெய்ப்பூச்சி அவ்வாறு ஓடாது. மீன் ஐயுற்று விலகும். எனவே கயிற்றைத் தளர எறிக. மீன் கவ்வியபின் ஒரு நொடி தாழ்த்துக் கோலை உயர்த்துக.

நமக்குரிய பாடம்

ட்ரவுட் நம் மலைக்கு விருந்தாளி. அது உள்நாட்டுப் பூச்சியையும் தவளைக் குஞ்சையும் தின்னும்; ஆதலால் புதிய ஓடைகளில் அதை விடுவது நன்றன்று. அதற்கும் அப்பூச்சிகளுக்கும் குளிர்நீர் தருவன சோலைக்காடும் புல்வெளியுமே. அவை அழிந்தால் ஓடை வெதும்பும். விருந்தாளியும் வாழாது, வீட்டாரும் வாழார். அவலாஞ்சிக்கு அண்மையிலுள்ள முக்குறுத்தி 1990-ல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இசைவின்றி நுழைவதோ தூண்டில் இடுவதோ குற்றம்.

கோல் இல்லாதவரும் இப்பாடம் கற்கலாம். ஓடைக்கரையில் அரை மணி அமர்ந்து, எந்தப் பூச்சி எப்பொழுது எழுகிறது என்று குறித்து வருக. தூண்டிற்காரனின் முதற்கருவி அந்தக் குறிப்பேடே.