பகிர்தளத்தில் கிடக்கும் அரசாவணம்

கேள்வி: மத்திய அரசு அலுவலகமொன்றில் பணிபுரிகிறேன். குறிப்புகளை ஒரே இணையப் பக்கத்தில் பலரும் சேர்ந்து எழுதித் திருத்துகிறோம். காகிதத்தில் இல்லாத இவையும் அரசாவணங்கள்தாமா? வேலை முடிந்ததும் அழித்துவிடலாமா?

பதில்: சந்தேகத்துக்கு இடமின்றி அரசாவணங்களே. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், கோப்பையும் கையெழுத்துப் பிரதியையும் சொன்ன கையோடு, கணினியால் உண்டாக்கப்பெறும் எதனையும் ஆவணமென்று சேர்த்துக்கொண்டிருக்கிறது. விதிமுறைக்குப் புறம்பாக அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறைவாசமோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் அதில் இடமுண்டு.

தண்டனையைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. காகிதக் கோப்பில் எழுத்தரின் குறிப்பும், மேலதிகாரி பச்சை மையால் அடித்துத் திருத்தியதும், கையொப்பமும் தேதியும் பக்க எண்ணோடு ஒன்றன்பின் ஒன்றாக நிலைத்திருக்க, யார் எதை எப்போது மாற்றினார் என்பது பின்வருவோருக்குத் தானே விளங்கிற்று. பலர் கைவைக்கும் பகிர்தளத்திலோ நேற்றைய வாசகத்தின்மேல் இன்றைய வாசகம் படர்ந்துவிடுகிறது. முந்தைய வடிவங்களை அத்தளம் காத்துவைத்தாலும், தொடங்கியவர் மாற்றலாகிப் போய் அவருடைய கணக்கும் மூடப்படும்போது, அப்பக்கம் நாதியற்றுப் போவதும் உண்டு.

ஆகையால், முடிவு எட்டிய அன்றே இறுதி வடிவத்தையும், அபிப்பிராய பேதம் பதிவான வரைவுகளையும் தேதியுடன் அலுவலக மின்கோப்பில் சேர்த்துவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்திய பிரதிகள் பெரும்பாலும் தேவையிரா. ஆயினும் எதைக் கழிப்பது என்று நிர்ணயிப்பவர் நீங்களல்லர், சட்டப்படி ஒவ்வோர் அலுவலகமும் நியமிக்கவேண்டிய ஆவண அதிகாரியே. அவர் யாரென்று அங்கே எவருக்கும் தெரியாவிட்டால் (அது அபூர்வமன்று!), அதைக் கேட்டு முதலில் ஒரு குறிப்பு எழுதி, அதனையும் கோப்பில் சேருங்கள்.