மேட்டில் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தும்போது

தக்கலை தாண்டி மேற்கே போனால் சமதரை கிடைப்பது அபூர்வம். அங்கே ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தி நேராக ‘பி’க்குத் தள்ளினால், வண்டியின் பாரம் முழுவதும் கியர்பெட்டிக்குள் இருக்கும் சின்ன இரும்புக் கொக்கியில் விழும். கிளம்பும்போது கியர் இறுகிக்கொண்டு, ‘டக்’கென்று அடித்துத்தான் விடுபடும். பிரேக்கை மிதித்தபடி ‘என்’னுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். வண்டி அசையாவிட்டால் மறுபடி மிதித்து ‘பி’ போடுங்கள். கிளம்பும்போது பிரேக்கில் கால் இருக்க, முதலில் ‘பி’யிலிருந்து மாற்றிவிட்டுப் பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும்.

2014-ல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் ‘பி’யே கிடையாது. ‘என்’னில் விட்டுப் போனால் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் காவல். அதோடு, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் ‘டி’யிலும், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ‘ஆர்’இலும் வைத்து எஞ்சினை அணையுங்கள். (வண்டியோடு வந்த கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) டயருக்கு அண்டக் கல் வைக்கலாம், தப்பில்லை. போகும்போது அதை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் அநியாயம்.

திற்பரப்பு அருவிப் பக்கம் விடுமுறை நாள் நெரிசலில் முன்னும் பின்னும் திருப்பும்போது, வண்டி முழுக்க நின்ற பிறகே ‘டி’யிலிருந்து ‘ஆர்’. ஆக்சிலேட்டரைத் தொட வேண்டியதில்லை. பிரேக்கைத் தளர்த்தினாலே சமதரையில் வண்டி தானே ஊரும்.